டிராஃப்டுக்கு முன்: வீரர்களின் திறமை அளவை எப்படிச் சீராக்குவது?

கல்லணை கமிஷனர்

வணக்கம். நம் கணினி பேஸ்பால் லீக்கில் அடுத்த சீசனுக்கான புது வீரர்களை உருவாக்கும் முன் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. குடந்தையும் மன்னார்குடியும் சொல்லும் குறை: நல்ல வீரர்கள் பெருகிவிட்டார்கள், ரேட்டிங் 60 உள்ளவன்கூட மைனர் லீக்கில் (அணியின் கீழ்நிலைக் குழுவில்) உட்கார்ந்திருக்கிறான். நாகை சொல்லும் குறை: ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே) நிறுத்தவே ஆள் இல்லை. லீக்கின் கணினிக் கோப்பைத் திறந்து பார்த்தேன், இரண்டுமே உண்மை.

புதிதாக வந்தவர்களுக்காக: நாம் ஆடுவது அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் மென்பொருளில். டெல்டா ஊர்ப் பெயர்களில் 12 அணிகள், வீரர்கள் எல்லாரும் கற்பனை, சீசனுக்கு 162 ஆட்டம், அமெரிக்காவின் மேஜர் லீக் போலவே ஆடும் பட்டியலில் 26 பேர். ரேட்டிங் 20 முதல் 80 வரை.

என்னிடம் இரண்டு யோசனை இருக்கிறது. டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் தேர்வில், வரும் புது வீரர்களின் தரத்தைக் கொஞ்சம் இறக்கலாம். அப்புறம், அமைப்புகளில் டேலன்ட் சேஞ்ச் ரேண்டம்னஸ் என்று இருக்கும் எண்ணை வழக்கமான 100-இலிருந்து ஏற்றலாம். என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எல்லாரும் பேசி முடிக்கும்வரை எதையும் தொட மாட்டேன்.

குடந்தை கேட்சர்

கமிஷனர் அண்ணே, முதல் யோசனை வேண்டாம். அது எங்கள் அணிக்கு லாபம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். எங்கள் முதல் ஐந்து பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) 27 வயதுக்குள் இருக்கிறார்கள். இனி வரும் பிள்ளைகள் தரம் குறைந்தவர்களாக இருந்தால் இவர்களை எட்டிப் பிடிக்க யாராலும் முடியாது, ஆறேழு வருடம் நாங்களே ஜெயித்துக்கொண்டிருப்போம். கீழே இருக்கும் அணி மேலே வர இருக்கும் ஒரே படி டிராஃப்ட். அதன் தரத்தை இறக்கினால் முதலில் அடிபடுவது நாகை மாதிரி அணிதான்.

ஐயாறு புல்பென்

நான் இந்த சீசனில்தான் சேர்ந்தேன். ராத்திரி ஏழு மணிக்கு நியூயார்க்கில் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை நாலரை மணி, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அந்த 100 என்ற எண் என்ன செய்யும் என்று யாராவது சொல்லுங்களேன்.

கல்லணை கமிஷனர்

தம்பி, ஒவ்வொரு வீரனுக்கும் இன்றைய திறமை ஒன்று, எட்டக்கூடிய உச்சம் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. அந்த உச்சம் கல்லில் எழுதியது இல்லை. நடுவில் காரணம் தெரியாமல் ஏறும், இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைத்தான் அந்த எண் முடிவு செய்கிறது. ஏற்றினால், முதல் சுற்றில் எடுத்தவன் ஒன்றுமில்லாமல் போவதும் 15-ஆம் சுற்றில் எடுத்தவன் நட்சத்திரம் ஆவதும் அதிகமாக நடக்கும். அதனால் மேலே கீழே இருப்பவர்கள் இடம் மாறுவார்கள் என்பது என் எண்ணம்.

ஆரூர் ஆட்டக்காரி

இடம் மாறுவார்கள் என்பது பாதிதான் சரி அண்ணா. தற்செயல் கூடினால் நன்மை யாருக்கு? அதிகம் இளைஞர்களை வைத்திருக்கும் அணிக்கு. மைனர் லீக்கில் நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அதில் இருவர் எதிர்பாராமல் உயர்ந்தால் போதும். நாகையிடம் சொல்லிக்கொள்ளும்படி ஏழெட்டுப் பேர்தான். அதில் ஒருவன் சரிந்தால் மூன்று வருடத் திட்டம் போச்சு. போதாததற்கு, பொறுமையாக உட்கார்ந்து ஸ்கவுட்டிங் அறிக்கை படிப்பவரின் உழைப்புக்கும் மதிப்புக் குறையும். எனக்கு இந்த லீக்கில் பிடித்ததே அந்த உழைப்புத்தான். 100 அப்படியே இருக்கட்டும்.

மன்னை மட்டை

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகோல். 20-80 என்பதில் 50 சராசரி, ஒவ்வொரு பத்தும் ஒரு திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து ஆட்கள் பொதுவாக விலகி நிற்கும் அளவு) என்பதுதான் அதன் அடிப்படை. பள்ளியில் படித்த மணிவடிவ வளைவை நினைத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் 40-க்கும் 60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 60-க்கு மேல் நூற்றுக்கு 16 பேர். 80 என்றால் ஆயிரத்தில் ஒருவர் இருவர். ஆனால் ஒரு லீக்கில் ஆடுபவர்கள் அந்த முழு வளைவில் வருவதில்லை, அதன் வலது ஓரத்திலிருந்து மட்டும் வருகிறார்கள். அதனால் கீழ்மட்டத்தில் கூட்டம் அடர்த்தியாகவும், மேலே போகப்போக ஆள் குறைந்துகொண்டே போவதாகவும் இருப்பதுதான் இயல்பு. நம் லீக்கில் அந்தக் கீழ்மட்டமே 55-க்கு வந்துவிட்டது. பலர் உணர்வது இதைத்தான்.

பிறகு ஏன் ஆட்டக் கணக்கில் இது தெரியவில்லை? லீக்கின் மொத்த பேட்டிங் சராசரி (அடிக்க நின்ற முறைகளில் ஹிட் ஆன பங்கு), ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் எல்லாவற்றையும் ஓர் இலக்கில் நிறுத்திவைக்கும் சரிக்கட்டு எண்கள் மென்பொருளில் உண்டு. பேட்டர்கள் எல்லாரும் உயர்ந்தாலும் லீக் சராசரி .250-இல் நின்றால் .250-தான். மொத்தக் கணக்கைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

நிஜ பேஸ்பாலிலும் இப்படிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். 1968-இல் பிட்சர்கள் கை ஓங்கி, மேஜர் லீக் முழுவதன் சராசரி .237-க்கு இறங்கியது. பிட்சர் பாப் கிப்சனின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன்) 1.12. அமெரிக்கன் லீக்கில் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தே முதலிடம் வந்தார். அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக்கினார்கள், ஸ்ட்ரைக் பகுதியையும் சுருக்கினார்கள். சராசரி .248 ஆனது. பிட்சர்கள் ஒரே குளிர்காலத்தில் திறமையை இழந்துவிடவில்லை. சட்டம் எண்ணை நகர்த்தியது, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வீரனின் மதிப்பை அவன் எண்ணில் பார்க்கக் கூடாது, சராசரியிலிருந்து அவன் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். 1930-இல் நேஷனல் லீக் முழுவதும் .303 அடித்தது. அந்த ஆண்டு பில் டெர்ரி .401. யாஸ்ட்ரெம்ஸ்கியின் 1968-இல் அமெரிக்கன் லீக் சராசரி .230. வெறும் எண்ணைப் பார்த்தால் இருவருக்கும் 100 புள்ளி (.100) வித்தியாசம். அவரவர் லீக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 27 புள்ளிதான்.

1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் யாரும் .400-ஐத் தொடவில்லை. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பேட்டர்கள் மோசமாகவில்லை. எல்லாருடைய தரமும் உயர்ந்ததால் சராசரி ஆளுக்கும் சிறந்த ஆளுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது, அதனால் உச்சத்தில் தனித்து நிற்பவர் இல்லாமல் போனார் என்றார் அவர். நம் லீக்கிலும் அதுதான் நடக்கிறது. நட்சத்திரங்கள் கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் நிற்பவர்களும் உயர்ந்துவிட்டார்கள்.

நாகை லெஃப்ட்ஃபீல்ட்

மன்னை சார் எழுதியதை நிதானமாகப் படித்தேன். லீக் அளவில் எல்லாம் சரி. எங்கள் அணியின் பட்டியலைத் திறந்துதான் பாருங்களேன்.

மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் போடுவான். அது கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, கடைமடையில் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. நீங்கள் எல்லாரும் எவ்வளவு திறப்பது என்று பேசுகிறீர்கள். எவ்வளவு வந்து சேர்கிறது என்று நான் கேட்கிறேன்.

நான் இந்த அணியை ஏற்றபோது முன்பிருந்தவர் அடுத்த வருட ஜெயிப்புக்காக இளைஞர்களை எல்லாம் விற்றுவிட்டு, ஜெயிக்கவும் இல்லாமல் லீக்கை விட்டே போய்விட்டார். குடந்தையின் மைனர் லீக்கில் 55 ரேட்டிங் ஷார்ட்ஸ்டாப் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஆட இடமே இல்லை. என்னிடம் வந்தால் மூவரும் முதல் நாளே ஆடுவார்கள். கேட்டால், பதிலுக்கு எங்கள் ஒரே நல்ல பிட்சரைக் கேட்கிறார்கள். புது வீரர்களின் தரத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த மூவர் அங்கேயேதான் இருப்பார்கள்.

மாயூரம் மவுண்ட்

நாகைக்காரர் சொன்னதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியும் செயின்ட் லூயிஸ் அணியும் ஒரே உரிமையாளர்களிடம், ராபிசன் சகோதரர்களிடம், இருந்தன. செயின்ட் லூயிஸில் கூட்டம் அதிகம் வரும் என்று பிட்சர் சை யங் உள்பட நல்ல வீரர்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு கிளீவ்லாந்து 20 வெற்றி, 134 தோல்வி. லீக்கில் இருந்த மொத்தத் திறமை குறைந்தா இந்த நிலை வந்தது? ஒரே இடத்தில் குவிந்ததால் வந்தது. அடுத்த ஆண்டே நேஷனல் லீக் 12 அணியிலிருந்து 8 அணியாகச் சுருங்கியது, கிளீவ்லாந்து இல்லாமலே போனது. நாமும் 12 அணிதான். நாகை போய்விட்டால் வேறு ஆள் கிடைப்பார் என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம்.

குடந்தை கேட்சர்

நாகை அண்ணே, அந்த மூன்று ஷார்ட்ஸ்டாப்பும் எனக்குக் காப்பு. ஒருவனுக்கு முழங்கால் போனால் அடுத்தவன் வேண்டும். நான் டிராஃப்டில் ஒழுங்காக எடுத்து வளர்த்த பிள்ளைகளைச் சும்மா கொடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் அங்கே வீணாகிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். 26 வயதில் மைனர் லீக்கின் மேல்தட்டான டிரிபிள் ஏ-வில் ஆடிக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

ஆரூர் ஆட்டக்காரி

அதற்குத்தான் மேஜர் லீக்கில் ரூல் 5 டிராஃப்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் மென்பொருளிலும் அந்த வசதி உண்டு, நாம்தான் தொடக்கத்திலிருந்தே அணைத்து வைத்திருக்கிறோம்.

ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவனுக்கு ஐந்து சீசன் அவகாசம், 19 வயதிலோ அதற்குப் பிறகோ வந்தவனுக்கு நான்கு. அதற்குள் அவனை அந்த 40-இல் சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவனை 26 பேர் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால், வேறு யாரும் கேட்காத பட்சத்தில், பாதி விலைக்குப் பழைய அணிக்கே திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் விதியின் உயிர். பலமான அணிக்கு 26-இல் ஓர் இடத்தை வீணாக்க மனசு வராது. பலவீனமான அணிக்கு அந்த இடம் எப்படியும் காலிதான். அதனால் ஆள் மேலிருந்து கீழேதான் நகர்வான். 1954-இல் டாட்ஜர்ஸ் தங்கள் மைனர் லீக் அணியில் வைத்திருந்த ராபர்ட்டோ கிளமென்ட்டேயை பிட்ஸ்பர்க் எடுத்தது இப்படித்தான். அந்த மனிதர் பிட்ஸ்பர்கிலேயே 3,000 ஹிட் அடித்தார்.

குடந்தை தம்பி, உன் 40 பேரை நீயேதான் தேர்ந்தெடுக்கப் போகிறாய், உனக்கு உயிரான பிள்ளைகளை யாரும் தொட முடியாது. மூன்றாவது ஷார்ட்ஸ்டாப்புக்குத்தான் ஒரு வழி பிறக்கும்.

மன்னை மட்டை

ஆரூர் அக்கா சொன்னது நான் எழுதியதோடு பொருந்துகிறது. திறமை மிகுந்த லீக்கில் சும்மா கிடைக்கும் வீரனே ஓரளவு நன்றாக ஆடுவான், நட்சத்திரம் வைத்திருப்பவருக்கு இருக்கும் சாதகம் குறையும், அணிகள் நெருங்கி வர வேண்டும். இங்கே நெருங்கவில்லை என்றால், அந்தச் சும்மா கிடைக்க வேண்டிய வீரன் யாருடைய மைனர் லீக்கிலோ அடைபட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆக, குடந்தையின் குறையும் நாகையின் குறையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஆனால் எல்லா அணியும் 81 வெற்றி, 81 தோல்வி ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். 12 அணிகளும் துல்லியமாகச் சமபலம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போதும் 162 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே தரும் திட்டவிலக்கம் 162-இன் வர்க்கமூலத்தில் பாதி, சுமார் 6.4 வெற்றி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அணிகள் 75-க்கும் 87-க்கும் நடுவில் நிற்கும், மற்றவை அதையும் தாண்டிப் போகும். உதாரணத்துக்கு, வெற்றிப் பட்டியலில் திட்டவிலக்கம் 12 வெற்றி என்று வந்தால், 12-இன் வர்க்கத்திலிருந்து 6.4-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 10 வரும். உண்மையான பல வித்தியாசம் அதுதான். கமிஷனர் கடந்த சில சீசன்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

ஐயாறு புல்பென்

கடைசி இடத்துக்கு முதல் டிராஃப்ட் வாய்ப்பு என்பது ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

ஆரூர் ஆட்டக்காரி

அதை மட்டும் நம்பினால் வேண்டுமென்றே தோற்கும் பழக்கம் வரும் தம்பி. ஹூஸ்டன் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டும் 100-க்கு மேல் தோற்றது, அந்த இடங்களில் கிடைத்த ஆட்களும் சேர்ந்துதான் 2017-இல் கோப்பை வாங்கியது. பிறகு மேஜர் லீக்கே விழித்துக்கொண்டு 2023 டிராஃப்டிலிருந்து குலுக்கல் கொண்டுவந்தது. முதல் ஆறு இடம் குலுக்கலில். கடைசி மூன்று அணிக்கும் ஒரே வாய்ப்பு, ஆளுக்கு 16.5 சதவீதம். முதல் குலுக்கலில் வென்ற பிட்ஸ்பர்க், பிட்சர் பால் ஸ்கீன்ஸை எடுத்தது. 2024-இல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு, பெரிய ஊர் அணிகள் அடுத்தடுத்த ஆண்டு குலுக்கல் இடம் பெறக் கூடாது என்ற விதியால் 2025-இல் பத்தாவது இடம்தான். நம்மிடம் இதுவரை யாரும் வேண்டுமென்றே தோற்கவில்லை. அதனால் குலுக்கல் இப்போது அவசரம் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. நம் டிராஃப்ட் ஜூன் கடைசியில் விழுகிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருடத்தில் அப்போது குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும். நாகை, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மேலாளர்கள் பகல் முழுக்க வயலில் இருப்பார்கள். அவர்கள் பட்டியல் அனுப்பாததால் கணினியே ஆளை எடுத்துவிடுகிறது. தஞ்சையிலும் குடந்தையிலும் அலுவலகத்தில் இருப்பவர்களும் சிங்கப்பூரில் இருப்பவர்களும் ஒவ்வொரு சுற்றையும் உட்கார்ந்து எடுக்கிறார்கள். எந்த அமைப்பு எண்ணை மாற்றினாலும் இது தீராது. டிராஃப்டை ஜூலை கடைசிக்குத் தள்ளினால் பெரும்பாலும் நடவு முடிந்திருக்கும். முடியாதவருக்குப் பக்கத்து அணிக்காரர் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். நாகைக்கு நான் செய்கிறேன், அவர் தரும் பட்டியல்படியே எடுப்பேன்.

நாகை லெஃப்ட்ஃபீல்ட்

அக்கா, இதை இத்தனை சீசனாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். ரொம்ப நன்றி. பட்டியல் கண்டிப்பாகத் தருகிறேன்.

மாயூரம் மவுண்ட்

இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று இரண்டு அணி சேர்க்கலாம். 12 அணிக்கு 26 வீதம் 312 இடம். 14 ஆனால் 364. மைனர் லீக்கில் காத்திருக்கும் 52 பேருக்கு வேலை கிடைக்கும், புது வீரர்களின் தரத்தைத் தொடாமலே கீழ்மட்டம் இறங்கும், நட்சத்திரம் மறுபடி தனித்துத் தெரிவான். குடந்தை கேட்டதும் அதைத்தானே?

புது அணி என்றால் பாவப்பட்ட அணி என்று இல்லை. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்றது உண்மைதான். ஆனால் 1998-இல் வந்த அரிசோனா 2001-இலேயே உலகத் தொடரை வென்றது. புது அணிகள் ஆள் எடுக்கும்போது பழைய அணிகள் எத்தனை பேரை மறைத்துவைக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரிசோனாவுக்கும் டாம்பா பேவுக்குமாக நடந்த தேர்வில் முதல் சுற்றுக்கு 15 பேரைத்தான் பாதுகாக்க முடிந்தது. நாமும் 15 என்றே வைக்கலாம்.

குடந்தை கேட்சர்

15 எனக்கு வலிக்கும். ஆனாலும் நியாயமான எண்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை. ரூல் 5-உம் புது அணித் தேர்வும் ஒரே குளிர்காலத்தில் வேண்டாம். இரண்டும் சேர்ந்து வந்தால் நான்கைந்து வருடம் வளர்த்த பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே மாதத்தில் போய்விடுவார்கள்.

கல்லணை கமிஷனர்

நியாயம். எல்லாருக்கும் நன்றி. இப்படிச் செய்கிறேன்.

புது வீரர்களின் தரமும் அந்த 100-உம் இருக்கிறபடியே இருக்கும். டிராஃப்ட் ஜூலை கடைசி வாரத்துக்குப் போகிறது. வர முடியாதவருக்குப் பதில் ஆள் யார் என்பதை ஆடி பிறக்கும் முன் எனக்கு எழுதிவிடுங்கள். இந்த டிசம்பரில் ரூல் 5 தொடங்கும், 40 பேர் பட்டியலைக் கார்த்திகை முடிவதற்குள் பூட்டிவிடுவேன். புது அணிகள் அதற்கடுத்த குளிர்காலத்தில்.

அதற்குள் லீக்கின் கணினிக் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து, 12 அணியோடு பத்து சீசனும் 14 அணியோடு பத்து சீசனும் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன். மன்னை சார், வெற்றிகளின் விலக்கத்தை நீங்கள் கணக்குப் போட்டுத் தருவீர்களா? பேட்டருக்கும் பிட்சருக்கும் தனித்தனியாகவும் பார்க்க வேண்டும். சரிக்கட்டு எண்கள் மறைத்துவிடும் என்று சொன்னீர்களே, பிட்சர்கள் மட்டும் உயர்ந்துகொண்டிருந்தால் அது மொத்தத்தில் தெரியாது.

மன்னை மட்டை

தருகிறேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும் 26 பேர் பட்டியலில் கடைசி ஐந்து பேரின் ரேட்டிங்கை மட்டும் அணிவாரியாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். நட்சத்திரங்களின் பட்டியல் வேண்டாம். கீழ்மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மீதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஐயாறு புல்பென்

பட்டுக்கோட்டை அணிக்கு மேலாளர் இன்னும் முடிவாகவில்லை என்றால், என் அத்தை மகன் அங்கேதான் இருக்கிறான். பேஸ்பால் தெரியும், நடவு வேலையும் இல்லை. அவன் விண்ணப்பத்தை யாருக்கு அனுப்ப வேண்டும்?